மணிக்கூட்டுக் குறி

வட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்தி நம்முடைய கைத்தொலைபேசியை விட்டு வெளியே போகாமல் நிற்கும்போது அதன் ஓரத்தில் சின்ன மணிக்கூடு ஒன்று தெரியும். வெளியே போய்விட்டால் ஒற்றைச் சரியும், மறுமுனையில் இருப்பவரின் கருவியைச் சென்றடைந்தால் இரட்டைச் சரியும் விழும். 2018ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதிப் பிரதான வீதியிலுள்ள எனது கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு அடுத்தடுத்து வந்த ஏழெட்டுப் பேரும் அந்த மணிக்கூட்டைத்தான் காட்டினார்கள். முதலில் வந்த பையனுடைய கருவியில் சிம்மைக் கழற்றிப் பூட்டினேன். பிறகு நெட்வேர்க் அமைப்புகளை முழுவதுமாக அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதனால் அவன் சேர்த்து வைத்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போயினவே தவிர மணிக்கூடு போகவில்லை. நான்காவது ஆள் வந்த பிறகுதான் என்னுடைய கருவியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மணிக்கூடு.

முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை இலங்கை அரசாங்கம் நாடு முழுவதும் முடக்கியிருக்கிறது என்பதை அதன் பின்னர் வானொலிச் செய்தியில்தான் அறிந்துகொண்டோம். அன்று தொடங்கி 2022 வரை மூன்று பெரிய தடைகளையும் சில சிறிய தடைகளையும் இந்தக் கடையின் மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்துவிட்டேன். தடையைத் தாண்டும் வழி அவ்வளவு கடினமானதல்ல. அதைச் சுற்றியிருக்கும் பணம், அவசரம், அறியாமை, பயம் ஆகியவற்றைத்தான் நாங்கள் ஒவ்வொரு முறையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இணையத்தடை எனக்கு அறிமுகமானது அதற்கும் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மட்டக்களப்பு நகரில் ஒரு நெட் கபேயில் உதவியாளராக இருந்தேன். 2007 ஜூன் மாதத்தில், போர்ச் செய்திகளைத் தந்துவந்த தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் திறக்காமல் போயிற்று. தடை செய்யப்பட்டது என்ற அறிவிப்பு எதுவும் திரையில் வராது. பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்ற ஒரு வரி மட்டுமே வரும். முகவரியை எழுதிக் கொடுத்தால் தானே போய் எடுத்துவந்து காட்டும் புரொக்சி தளங்களையும், கூகிள் சேமித்து வைத்திருந்த பழைய பிரதிகளையும் கொண்டு சிலர் அதைப் படித்தார்கள். ஆனால் கபே உரிமையாளர் சுவரில் ஒட்டியிருந்த, 'அரசியல் தளங்கள் பார்க்க வேண்டாம்' என்ற கையெழுத்துத் தாள்தான் உண்மையான தடையாக இருந்தது. அந்தக் காலத்தில் பின்கதிரையில் இருப்பவர் யாரென்று தெரியாமல் திரையைத் திறப்பது எவ்வளவு ஆபத்தென்று கிழக்கில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவில் கடையைப் பூட்டுமுன் பதினொரு கணினிகளிலும் பார்வை வரலாற்றை அழிப்பது என் வேலை. தடையைத் தாண்டுவதும் மறைவாக இருப்பதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அந்த இரவு வேலைதான். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியபின் அந்தத் தளமும் வேறு சில செய்தித்தளங்களும் மீண்டும் திறந்தன.

2018க்கு வருவோம். அந்தத் தடைக்கான காரணத்தின் ஒரு நுனி எங்கள் மாகாணத்திலேயே இருந்தது. பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பி, அந்தக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கடைக்காரரை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்த காட்சி முகநூலில் ஓடியது. கறியில் கிடந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் கண்டி மாவட்டத்தில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடங்கின. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. ஆகவே தடைபோட்டவர்களுக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பொய்க்கதை எவ்வளவு விரைவாக நெருப்பாகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எட்டு நாட்கள் எல்லோருடைய வாயையும் கட்டுவதால் அந்த நெருப்பு அணையுமா என்பதுதான் கேள்வி.

தடை வந்த இரண்டாம் நாள் காலையில் ஒரு பையன் கடைக்கு வந்து, 'அண்ண, இதப் போட்டா எல்லாம் வேலை செய்யுது' என்று ஒரு செயலியின் கோப்பை ஷெயார்இட் வழியாக எனக்கு அனுப்பினான். அது ஒரு விபிஎன், அதாவது தடையைச் சுற்றி வேறு வழியாக இணையத்துக்குக் கொண்டுபோகும் செயலி. அந்தச் சொல் அன்று ஊரில் புதிது. போட்டுப் பார்த்தேன், மேலே சாவி வடிவில் ஒரு திறப்புக் குறி தோன்றியது, ஐந்தாறு விநாடிகளில் மணிக்கூடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிகளாக மாறின. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று கேட்கவே இல்லை. அடுத்த மூன்று நாட்களில் நாற்பது கருவிகளுக்கு மேல் அதை ஏற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு ஐம்பது ரூபா வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை.

மார்ச் 15ஆம் திகதி முகநூலும் திறந்து தடை முடிந்தது. அதற்குப் பிறகுதான் என் துன்பம் தொடங்கியது. திரையைத் திறந்தாலே முழுப்பக்க விளம்பரம் வருகிறது என்று ஒருவர் வந்தார். ஒன்றும் செய்யாமலே நாளாந்தம் ரீலோட் காசு குறைகிறது என்று இன்னொருவர் வந்தார். பார்த்தால், அவர் கேட்காத இரண்டு கட்டணச் சேவைகளில் அவருடைய எண் பதிவாகியிருந்தது. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் கோபப்படாமல் கருவியை மேசையில் வைத்து, 'தம்பி, நீங்க தந்த மருந்துக்கு மருந்து தாங்க' என்றார். ஏசியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. நாற்பது பேரையும் தேடித்தேடி அழைத்து அந்தச் செயலியை அகற்ற ஒரு மாதம் சென்றது. ஐம்பது ரூபாவையும் திருப்பிக் கொடுத்தேன். சிலர் வரவே இல்லை.

அந்த நாட்களில் நடந்த இன்னொரு விடயத்தை எந்த வழிகாட்டியிலும் நான் படித்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவரின் மகன் கட்டாரில் வேலை செய்கிறார். விடியற்காலையில் அவர் அனுப்பும் குரல்பதிவைக் கேட்காமல் மாமி அடுப்பு மூட்ட மாட்டார். அவருடைய கருவியில் விபிஎன் ஏற்றிக் கொடுத்து நூறு ரூபா ரீலோடும் போட்டு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். 'ரீலோட் இல்லையாம் மனே. வட்ஸ்அப் பெக்கேஜ் முழுசா அப்படியே இரிக்கி. மறுகா காசு எங்க போனது?' என்றார். எனக்கும் உடனே விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. வட்ஸ்அப்புக்கு மட்டும், முகநூலுக்கு மட்டும் என்று மலிவாக விற்கப்படும் பெக்கேஜுகளில், இந்தப் போக்குவரத்து வட்ஸ்அப்பினுடையது என்று சேவை வழங்குநரின் இயந்திரம் அடையாளம் கண்டால்தான் அந்தக் கணக்கில் கழிக்கும். விபிஎன் ஊடாகப் போகும்போது அது வட்ஸ்அப்பா வேறெதுவுமா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது; அப்படித் தெரியாமல் இருப்பதுதான் விபிஎன்னின் வேலையே. ஆகவே எல்லாமே பொது டேட்டாவிலிருந்து, அது இல்லாவிட்டால் நேரடியாக ரீலோட் காசிலிருந்து, கழிந்துகொண்டு போகும். மகன் அனுப்பிய இரண்டு வீடியோக்கள் தாமாகவே தரவிறங்கியதில் மாமியின் நூறு ரூபாவும் போய்விட்டது. அன்றிலிருந்து விபிஎன் ஏற்றும் ஒவ்வொரு கருவியிலும் முதலில் வட்ஸ்அப்பின் தானியங்கித் தரவிறக்கத்தை நிறுத்துகிறேன். எல்லாவற்றுக்கும் பயன்படும் டேட்டா பெக்கேஜ் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் வைஃபை வைத்திருப்பவருக்குத் தடை ஒரு தொந்தரவு. மலிவான வாரப் பெக்கேஜில் வாழ்பவருக்கு அது முழுக் கதவடைப்பு.

தடை எப்படி வேலை செய்கிறது என்று வாடிக்கையாளர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு எங்கள் வாவிதான் உதவியது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை வாவியின் மறுகரையான படுவான்கரைக்குப் போக மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்து நின்றவர்கள் நாங்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மக்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் அந்தத் தட்டைத்தான் பாதை என்கிறோம். இணையத்தில் ஓர் இடத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு. சேவை வழங்குநர் தன்னுடைய டிஎன்எஸ்ஸில் முகநூலின் பெயரை மறைத்துவிட்டால், அது சந்தியில் இருந்த பெயர்ப்பலகையைப் பிடுங்கியது போன்றது. வீதி அப்படியே இருக்கும். அந்த வகைத் தடைக்கு, ஆண்ட்ரொய்ட் கருவியின் அமைப்புகளில் தனிப்பட்ட டிஎன்எஸ் என்ற இடத்தில் கிளவுட்பிளேயர் அல்லது கூகிளின் டிஎன்எஸ் சேவையகப் பெயரை எழுதிவிட்டாலே போதும். வேறெதுவும் தேவையில்லை, பெக்கேஜும் வீணாகாது. அடுத்த வகை, குறித்த எண் முகவரிகளுக்குப் போகும் வழியையே அடைப்பது. அது பாலத்தை மூடுவது. அதற்கும் அடுத்தது, பாலத்தில் ஆள் நிறுத்தி ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று பார்த்து மறிப்பது. குறியாக்கம் செய்த, அதாவது இடையில் நிற்பவர் படிக்க முடியாதபடி மாற்றிய, இணைப்பிலும் போய்ச்சேரும் தளத்தின் பெயர் தொடக்கத்தில் திறந்தபடியே அனுப்பப்படுவதால் இது முடிகிறது. பாலம் மூடினாலோ ஆள் நின்றாலோ பெயர்ப்பலகையை மீண்டும் நட்டுப் பயனில்லை. அப்போதுதான் பாதை வேண்டும். விபிஎன், வெளிநாட்டிலுள்ள தன்னுடைய கணினிவரை நம் போக்குவரத்து முழுவதையும் மூடிய பெட்டியில் கொண்டுபோய், அங்கிருந்து நமக்காக முகநூலுக்குப் போய்வருகிறது. கரையில் நிற்பவருக்கு நாம் பாதையில் ஏறியது தெரியும்; அக்கரையில் எங்கே போனோம் என்பது தெரியாது.

பாதைக்காரருக்குத் தெரியும். நான் 2018இல் மறந்தது இதைத்தான். நாம் எழுதும் வட்ஸ்அப் செய்தியை அவரால் படிக்க முடியாது. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம், எப்போது போகிறோம் என்பதெல்லாம் அவர் கண் முன்னால் நடக்கும். பாதைக்கூலி வாங்காமல் ஏற்றுகிறவர் வேறு எதை எடுக்கிறார் என்று கேட்க வேண்டும். 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரச ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த பல்கலைக்கழகத்தாரும் ஆண்ட்ரொய்டுக்கான 283 விபிஎன் செயலிகளைச் சோதித்ததில், 38 வீதமானவற்றில் தீங்கான நிரல்களின் அடையாளங்கள் இருந்தன; 18 வீதமானவை போக்குவரத்தைக் குறியாக்கம் செய்யவே இல்லை. ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனாளர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்று வந்தது 2015இல் வெளியானது. முகநூல் நிறுவனமே ஒனாவோ என்ற விபிஎன்னை வைத்து மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பாவிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது; ஆப்பிளின் எதிர்ப்பினால் 2018 ஓகஸ்டில் அதை ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து விலக்கிக்கொண்டது. தெரியாத பையன் ஷெயார்இட்டில் தந்த கோப்பைப் பற்றி இனி நான் என்ன சொல்ல?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது கடை பூட்டியிருந்தது. அந்த நாளைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. தொலைபேசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யார் ஆஸ்பத்திரியில், யார் வீட்டில், யார் அன்று ஆராதனைக்குப் போகவில்லை என்று ஊர் முழுவதும் தேடிக்கொண்டிருந்த அதே நாளில் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், யூடியூப், வைபர், ஸ்னப்சட் அனைத்தும் முடங்கின. ஊரடங்கும் வந்தது. சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இருந்த உறவினர்கள் அனுப்பிய செய்திகள் அவர்களுடைய திரையில் ஒற்றைச் சரியோடு நின்றன. இங்கே தடை என்பது அவர்களுக்குத் தெரியாது. தம்பியின் கருவிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றுதான் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் தங்கை சூரிச்சில் அந்த ஒற்றைச் சரியைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே இருந்திருக்கிறார்.

என் கருவியில் சைஃபன் இருந்தது. முந்தைய ஆண்டுப் பிழைக்குப் பிறகு தேடிப் படித்து ஏற்றிக்கொண்டது அது. கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்திலுள்ள சிற்றிசன் லாப்பில் உருவாகி, 2006 முதல் இதற்காகவே இயங்கிவருவது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழிகளைத் தானே மாற்றி மாற்றி முயல்வது. அந்த முறை டனல்பேர் என்ற பெயர்பெற்ற விபிஎன் சேவையும் தடுக்கப்பட்டதாக இணையத்தடைகளை அவதானிக்கும் நெட்பிளொக்ஸ் அமைப்பு அறிவித்தது. அதை மட்டும் நம்பியிருந்த என் நண்பர் கைவிடப்பட்டார். தடை தாண்டும் செயலிகளில் இரண்டு வேறு வகைகளை வைத்திருக்க வேண்டும் என்று நான் இன்று எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் அதுதான். சுவர் ஏறி வந்தவர்களும் வேலியால் கருவியை நீட்டியவர்களுமாக இருபது குடும்பங்களுக்கு மேல் அன்றிரவு என் வட்ஸ்அப்பில் இருந்து செய்தி போனது. எல்லாமே ஒரே மாதிரி வரிதான்: இன்னாருடைய வீட்டில் எல்லோரும் சுகம், இது பக்கத்து வீட்டிலிருந்து எழுதுவது.

நள்ளிரவு தாண்டி மின்கலம் தீரும் நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சாதாரண எஸ்எம்எஸ் தடைப்படவில்லை. சூரிச்சுக்கு ஓர் எஸ்எம்எஸ் சில ரூபாக்களில் போயிருக்கும். பகல் முழுவதும் விபிஎன், விபிஎன் என்று நின்ற எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. அனுப்பலாம் என்று பார்த்தபோதுதான் அடுத்த சிக்கல்: மெசஞ்சரில் மட்டும் பேசிப் பழகியவர்களிடம் உறவினரின் எண்ணே இல்லை, எண் இருந்தவர்களிலும் சிலருடைய இணைப்பில் வெளிநாட்டு வசதி திறக்கப்பட்டிருக்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால், எழுந்து போய் வெளிநாட்டிலிருக்கும் மூன்று உறவினரின் எண்களை நாட்டுக் குறியீட்டோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு முறை எஸ்எம்எஸ் அனுப்பிப் போகிறதா என்றும் பாருங்கள்.

தடை ஏப்ரல் 30 வரை நீடித்தது. மே மாதத்திலும், வடமேல் மாகாணத்தில் வன்முறை வெடித்தபோது, மீண்டும் வந்தது. மே 13ஆம் திகதியின் தடையில் ஐமோ என்ற அழைப்புச் செயலியும் இருந்தது. வதந்தி நின்றதா? எங்கள் ஊரில் நிற்கவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்ற கதை எனக்கு வந்தது வட்ஸ்அப்பில் அல்ல. ஓட்டோக்காரர் ஒருவர் வாயால் சொன்னார், அவருக்குச் சாதாரண அழைப்பில் மச்சான் சொல்லியிருந்தார். முன்பென்றால் அப்படிப்பட்ட ஒரு செய்தி வந்ததும் குழுவில் உள்ள யாராவது ஓர் ஆசிரியரோ தாதியோ 'இது பொய்' என்று கீழே எழுதுவார். வாயால் வரும் கதைக்குக் கீழே எழுத இடமில்லை.

அந்த நாட்களில் கண்ட வேறு சில சிக்கல்களையும் சொல்ல வேண்டும். விபிஎன் போட்டதும் நம்முடைய கருவி ஜெர்மனியிலோ சிங்கப்பூரிலோ இருப்பதுபோல் முகநூலுக்குத் தெரிகிறது. புதிய நாட்டிலிருந்து யாரோ நுழைகிறார் என்று கணக்கைப் பூட்டிவிட்டு, பதிவு செய்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பும். அந்த எண்ணோ எப்போதோ தொலைத்த சிம்மினுடையது. இப்படிக் கணக்கை நிரந்தரமாக இழந்த ஐந்து பேரையாவது எனக்குத் தெரியும். வங்கிச் செயலியைத் திறக்குமுன் விபிஎன்னை நிறுத்திவிடுவதும் நல்லது. அதே காரணத்தால் அதுவும் பூட்டிக்கொள்ளலாம், யாரோ ஒருவரின் பாதையில் வங்கிக்குப் போகவும் தேவையில்லை. தடைக்காலத்தில் 'விபிஎன் தேவைப்படாத புதிய வட்ஸ்அப்' என்று வரும் கோப்புகள் ஒன்றுகூட உண்மையானதல்ல.

பயத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019 மே மாதத்தில் ஒரு சோதனைச் சாவடியில் கருவியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மேலே திறப்புக் குறி தெரிந்தபடி இருந்தது. 'இது என்ன?' என்று கேட்டார் இளம் சிப்பாய். சொன்னேன். 'எனக்கும் போட்டுத் தாருங்கள், அம்மாவோடு பேச வேண்டும்' என்றார் சிங்களத்தில். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். விபிஎன் பாவிப்பதை மட்டுமே குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் அதன் ஊடாக எழுதுவதற்கு, நேரடியாக எழுதுவதற்கு உள்ள அதே பொறுப்புத்தான். நம்முடைய பெயரில் உள்ள முகநூல் கணக்கிலிருந்து எழுதிவிட்டு விபிஎன் மறைத்துவிடும் என்று நம்புவது, முகமூடி போட்டுக்கொண்டு அடையாள அட்டையைச் சட்டையில் குத்துவது போன்றது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் இன்னும் கவனம் வேண்டும். அதன்கீழ் அமையும் ஆணைக்குழு எழுதுபவருக்கு உத்தரவிடுவதோடு, குறித்த இணைய இடங்களை மறிக்கும்படியும் பணிக்கலாம். யார் எழுதினார் என்பதே மறைய வேண்டிய தேவை உள்ள செய்தியாளர் போன்றவர்களுக்கு டோர் என்ற வேறொரு ஏற்பாடு இருக்கிறது. மூன்று தன்னார்வலர்களின் கணினிகளைத் தாண்டிப் போவதால், நாம் யார் என்பதையும் எங்கே போகிறோம் என்பதையும் சேர்த்து அறிந்தவர் இடையில் எவரும் இல்லை. ஆனால் மெதுவானது. மகனோடு பேசவேண்டிய மாமிக்கு அது உதவாது.

2022 ஏப்ரல் 3ஆம் திகதித் தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. எரிபொருள், எரிவாயு, மின்சாரம் எதுவுமின்றிக் கொதித்திருந்த நாட்டில் ஊரடங்கு அறிவித்து, பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நள்ளிரவில் சமூக ஊடகங்களை முடக்கியது. அன்று பிற்பகலே திறந்துவிட்டார்கள். அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே தானும் விபிஎன்னில்தான் இருப்பதாகவும் இப்படிப்பட்ட தடைகள் பயனற்றவை என்றும் டுவிட்டரில் எழுதினார். அந்த ஞாயிறு எங்கள் ஊரில் என்னைத் தேடி வந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் எல்லோரும் தாங்களாகவே திறப்புக் குறியோடு இருந்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாரத்தில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்து சிக்னலே இல்லாமல் இருந்த நேரங்கள் உண்டு. பாதை இருந்தும் வாவியில் தண்ணீர் இல்லாத நிலை அது. அப்போது வீட்டில் பழைய கம்பித் தொலைபேசி வைத்திருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் திண்ணைதான் எங்கள் ஒழுங்கையின் தொலைபேசி நிலையம்.

இப்போது ஒருவர் வந்து கேட்டால், முதலில் இது தடைதானா என்று பார்க்கிறேன். சாதாரணச் செய்தித்தளம் ஒன்று திறந்து, வட்ஸ்அப் மட்டும் திறக்காமல், வேறு நிறுவன சிம்மிலும் அப்படியே என்றால் தடை. எதுவுமே திறக்கவில்லை என்றால் டேட்டாவோ கோபுரமோ. பிறகு பிளே ஸ்டோரிலிருந்து மட்டும், அதுவும் அமைதியான நாளில், இரண்டை ஏற்றுகிறேன்: சைஃபன் ஒன்று, புரோட்டன் விபிஎன்னின் இலவசப் பதிப்பு ஒன்று. தடை வந்த நாளில் அவற்றின் இணையத்தளங்களும் சேர்ந்து மறிபடலாம். ஏற்றி விட்டுவிட்டாலும் போதாது. மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தால்தான் புதுப்பிப்புகளும் புதிய சேவையகங்களின் விபரமும் வந்து சேரும். வெளிநாட்டில் கணினி தெரிந்த தம்பியோ மருமகனோ இருந்தால், 2023 ஜனவரியிலிருந்து வட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் புரொக்சி வசதிக்கு ஒரு சேவையகத்தை அமைத்துத் தரச் சொல்லலாம். அமைப்புகளில் அந்த முகவரியை எழுதினால் போதும், கருவி முழுவதற்கும் விபிஎன் தேவையில்லை, செய்தியின் குறியாக்கமும் குலையாது. அந்நியரின் பாதையைவிட மருமகனின் தோணி நல்லதல்லவா?

வளைகுடாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்கிறேன். இங்கே பயன்படுத்தும் அதே செயலியை அங்கே இருக்கும் மகனுக்கும் அனுப்ப வேண்டாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் அழைப்புகள் தடைசெய்யப்பட்டவை. ஒரு குற்றத்தைச் செய்வதற்காக விபிஎன் போன்ற வழியில் இணைய முகவரியை மறைத்தால் 500,000 முதல் 2,000,000 திர்ஹம் வரை அபராதம் விதிக்க அங்குள்ள சட்டம் இடமளிக்கிறது. பொட்டிம் போன்ற அனுமதிபெற்ற செயலிகளில் பேசட்டும்.

கட்டாருக்கு மகனை அனுப்பிய மாமி போன மாதம் கடைக்கு வந்தார். நாட்டில் தடை எதுவும் இல்லை. 'சும்மா பாத்துத் தா மனே, அந்தத் திறப்பு இன்னும் வேலை செய்யுதா எண்டு' என்றார். திறந்தேன், புதுப்பிக்கச் சொன்னது, கடை வைஃபையில் புதுப்பித்து, இணைத்து, திறப்புக் குறி வந்ததைக் காட்டினேன். பிறகு கைப்பையிலிருந்து மடித்த கலண்டர் தாளொன்றை எடுத்து விரித்தார். பின்பக்கத்தில் நீலப் பேனாவால், பேத்தியின் உருண்டைக் கையெழுத்தில், 00974 என்று தொடங்கும் எண் இருந்தது. அதன் கீழே மகனுடன் ஒரே அறையில் இருக்கும் களுவாஞ்சிகுடிப் பையனின் எண்ணும் இருந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.